பெயர் சொல்லும் படம்

நம்மவர் வீடுகளின் சுவர்களில் தொங்கும் படங்களை எண்ணிப் பார்த்தால் கடவுளர் படங்கள் முதலிடம் பெறும். அடுத்து, மாலை சூட்டிய முன்னோர் படங்கள். அதன் பிறகு திருமணக் கோலங்களும் பட்டமளிப்புக் கோலங்களும். வீட்டோடு வீடாக வளர்ந்த நாய்க்கோ, மடியில் சுருண்டு கிடந்த பூனைக்கோ, கொல்லையில் நின்று பால் சுரந்த பசுவுக்கோ அந்த வரிசையில் இடம் கிடைப்பது அரிது. பிள்ளைகளின் கைப்பேசியில் அவற்றின் படங்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கும். கைப்பேசி பழுதானால் படங்களும் அதனோடு போகும். ஆனால் அப்பிராணி இறந்த அன்று அந்த வீட்டில் எவரும் சரியாக உண்பதில்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த குடும்பங்களில் இந்தப் பற்று இன்னும் சற்று அதிகம் என்றே சொல்ல வேண்டும். அத்தை, மாமன், பெரியப்பா என்று உறவு கொண்டாட எவரும் அருகில் இல்லை. பிள்ளைக்கு விளையாட்டுத் தோழனும், பாட்டிக்குப் பேச்சுத் துணையும் பல வீடுகளில் நாலு கால் பிராணிதான். கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்தாலும் அது தமிழில் சொன்னால்தான் கேட்கும். ஆயினும் ஓய்வு பெற்றோ, இடமாற்றம் பெற்றோ குடும்பம் புறப்படும் நாளில், பீரோவுக்கும் மிதிவண்டிக்கும் சரக்கு வண்டியில் இடம் உண்டு. அந்தப் பிராணிக்கு மட்டும் பல சமயங்களில் இடம் இருப்பதில்லை. அத்தகைய வீடுகளுக்கு ஒரு நல்ல உருவப்படம் எவ்வளவு வேண்டியது என்பதை நாம் நேரில் கண்டிருக்கிறோம்.

பகலெல்லாம் சரக்குக் கட்டணக் கணக்கோடு மன்றாடும் ரயில்வே குமாஸ்தாவாகிய நாம், ஓவியக் கல்லூரியின் வாயிற்படியை மிதித்தவர் அல்லோம். நமது படிப்பு மெட்ரிக்கோடு நின்றது. ஆயினும் சில ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்ரிலிக் வண்ணங்களைக் கொண்டு பிராணிகளின் உருவப்படங்களை எழுதி வருகிறோம். குடியிருப்பில் நம்மைப் ‘பெயிண்டர் பாபு’ என்று அழைப்பாரும் உண்டு. நம் சங்கத்து அன்பர்கள் சிலர் அந்த முறையை எழுதித் தரும்படி கேட்டதனால் இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாயின் படம் வேறு. மணியின் படம் வேறு. நாயின் படத்தைக் கண்டால் குழந்தையும் “நாய்” என்று சொல்லும். மணியின் படத்தைக் கண்டால் வீட்டார் “மணி” என்று பெயர் சொல்லி அழைக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரந்தான் இந்தக் கலை முழுவதும்.

காளிகாட் கோயிலைச் சுற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டுவாக்கள் என்னும் ஓவியர்கள் யாத்திரிகர்களுக்கு விற்ற படங்களில் ஒரு பூனை மிகவும் பெயர் பெற்றது. அதன் நெற்றியில் வைணவ நாமம் இருக்கும். வாயில் இறால் இருக்கும். வேடதாரிப் பக்தரைக் கேலி செய்ய எழுந்த படம் அது. அழகான படந்தான், கோடுகளின் துணிவைக் கண்டு நாம் வியக்காத நாள் இல்லை. ஆயினும் அது எந்த வீட்டுப் பூனை என்று கேட்டால் விடை கிடையாது. அது பூனை இனத்தின் படம். உண்மையில், மனிதனின் படம்.

பிராணி ஒன்றைப் பெயரோடு நினைவுகூரும் வழக்கம் மேல்நாட்டாரிடமிருந்து வந்தது என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கத்தைச் சூழ்ந்த பகுதி நடுகற்களுக்குப் பெயர் போனது. அங்கே எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. கள்வரோடு போரிட்டு மாண்ட வீரன் ஒருவனுக்காக நட்ட கல் அது. அவனுக்குத் துணையாக நின்று கள்வரைக் கடித்த நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது; அதன் பெயர் ‘கோவிவன்’ என்பதும் எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. 1,400 ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் ஒரு நாயைப் பெயர் சொல்லிக் கல்லில் நிறுத்தியிருக்கின்றனர் என்றால், சுவரில் மாட்டுவதற்கு நாம் கூச வேண்டியதில்லை.

வண்ணப்படம் என்று வரும்போது, மொகலாய மன்னர் ஜஹாங்கீரின் அவையில் இருந்த உஸ்தாத் மன்சூரை விட்டு எவரும் பேச இயலாது. மன்னருக்கு விலங்கு, பறவை என்றால் அளவற்ற ஆர்வம். 1612இல் கோவாவிலிருந்து அரிய பிராணிகள் சில அவைக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் இந்நாட்டார் முன்பு கண்டிராத வான்கோழியும் ஒன்று. தம் முன்னோரான பாபர் விலங்குகளைச் சொற்களால் வருணித்தாரே அன்றிப் படமாக எழுதச் செய்யவில்லை என்றும், தாம் இரண்டையும் செய்வதாகவும் ஜஹாங்கீர் தமது நினைவுக் குறிப்பில் பெருமையோடு கூறுகிறார். 1621இல் வரிக்குதிரை ஒன்று வந்தது. அதன் வரிகளைக் கண்டவர்கள், யாரோ வண்ணம் பூசி ஏமாற்றுகிறார்கள் என்று ஐயுற்று ஆராய்ந்து பார்த்தனராம்! மன்சூர் எழுதிய அந்த வரிக்குதிரையின் படம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் புல்வெளியோ, மரமோ, மலையோ பெரிதாக இல்லை. குதிரை மட்டும் பக்கவாட்டில் நிற்கிறது. ஒவ்வொரு வரியும் எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்பதைப் பார்த்தால், அது ‘ஒரு’ வரிக்குதிரை அன்று, அன்று அவையில் நின்ற ‘அந்த’ வரிக்குதிரை என்பது விளங்கும். மன்சூரின் கைவண்ணமான வெண்கொக்கின் படம் நம் கொல்கத்தாவிலேயே, சௌரங்கியில் உள்ள இந்தியன் மியூசியத்தின் சேகரத்தில் உள்ளது.

இதே நகரில், 1770களின் பிற்பகுதியில், தலைமை நீதிபதி இம்பேயின் மனைவி மேரி இம்பே தம் தோட்டத்தில் பறவைகளையும் விலங்குகளையும் வளர்த்து, அவற்றைப் படமெழுதப் பாட்னாவிலிருந்து வந்த மூன்று ஓவியர்களை அமர்த்தினார். ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்பன அவர்தம் பெயர்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள். இயன்றவரை உயிரளவிலேயே எழுத வேண்டும் என்பது அம்மையாரின் விருப்பம். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு இந்த நகருக்கு வந்தவர்களின் வரிசையில் அம்மூவரையும் சேர்த்துக்கொள்வதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் பற்றியும் சில சொற்கள். 1724இல் லிவர்பூலில் தோல் பதனிடுபவர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். குதிரையைச் சரியாக எழுத வேண்டும் என்பதற்காக ஒரு பண்ணை வீட்டில் பதினெட்டு மாதங்கள் தங்கி, இறந்த குதிரைகளின் தோலையும் தசையையும் அடுக்கடுக்காக நீக்கி, ஒவ்வோர் அடுக்கையும் வரைந்தார். அந்த நாற்றத்தில் உணவு எவ்வாறு இறங்கிற்றோ! அந்த வரைபடங்கள் 1766இல் நூலாக வெளிவந்தன. அவர் எழுதிய ‘விசில்ஜாக்கெட்’ என்னும் பந்தயக் குதிரையின் படம் ஏறக்குறைய உயிரளவானது. குதிரையின் மேல் அரசனும் இல்லை, பின்னால் காடும் இல்லை, குதிரை மட்டுமே. அவர் எழுதிய இன்னொரு படத்திற்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டு. சென்னையின் கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகாட் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு வேட்டைச் சிறுத்தை ஒன்றைப் பரிசளித்தார். 1764இல் வின்ட்ஸர் பூங்காவில் அதை ஒரு கலைமானின் மீது ஏவினர். மான் கொம்பால் எதிர்த்து விரட்டிவிட்டது. ஸ்டப்ஸ் எழுதிய படத்தில், சிவப்புத் துணி முக்காடு தலைக்கு மேல் ஏற்றப்பட்ட நிலையில் அந்தச் சிறுத்தை நிற்கிறது. இரு இந்தியப் பணியாளர் அருகில் நிற்கின்றனர். அப்படம் இன்று மான்செஸ்டர் நகரின் கலைக்கூடத்தில் இருக்கிறது. கடல் கடந்து வந்த அந்த மூவரில், எதற்கு ஊர் நினைவு அதிகம் இருந்திருக்கும் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு.

இவர்களெல்லாம் நீர்வண்ணத்திலும் எண்ணெய் வண்ணத்திலும் எழுதினர். அக்ரிலிக் அவர்கள் அறியாதது. கலைஞர்கள் நீர் கலந்து பயன்படுத்தத்தக்க அக்ரிலிக் வண்ணம் 1955இல் அமெரிக்காவில் சின்சினாட்டி நகர்க் கம்பெனி ஒன்றால் ‘லிக்விடெக்ஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று நம் நாட்டிலேயே செய்யப்படும் டியூபுகள் எழுதுபொருள் கடைகளில் கிடைக்கின்றன. இதன் தன்மை என்னவெனில், நிறப்பொடி ஒருவகைப் பிளாஸ்டிக் நுண்துளிகளோடு நீரில் கலந்திருக்கிறது. நீர் ஆவியானதும் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி மெல்லிய ஏடாகிவிடுகின்றன. அதன்பின் எவ்வளவு நீர் ஊற்றினாலும் கரையாது. எண்ணெய் வண்ணம் காய நாட்கள் ஆகும். தடித்துப் பூசினால் வாரங்கள் ஆகும். இதுவோ சில நிமிடங்களில் காய்ந்துவிடும். டர்பென்டைன் நாற்றம் இல்லை. ஒரே அறையில் சமையலும் படிப்பும் படுக்கையும் நடக்கும் குவார்ட்டர்ஸ் வாழ்க்கைக்கு இதைவிட ஏற்ற வண்ணம் நமக்குத் தெரியாது.

விரைவில் காய்வதே இதன் குணமும் குற்றமும். சித்திரை, வைகாசியில் மின்விசிறியின் கீழ் அமர்ந்தால், தட்டில் பிதுக்கிய வண்ணம் தூரிகை தொடுமுன் தோல் கட்டிவிடும். இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. மூடியுள்ள தட்டையான டப்பாவில் துணியை நனைத்து மடித்துப் பரப்பி, அதன் மேல் பட்டர் பேப்பரை விரித்து, அதில் வண்ணத்தை வைத்துக்கொண்டால் மறுநாள்வரை ஈரம் குன்றாது. தூரிகையை ஒருபோதும் வண்ணத்தோடு கீழே வைக்கலாகாது. காய்ந்தால் குச்சிதான் மிஞ்சும். இன்னொன்று: ஈரத்தில் குழம்பு பால்போல் இருப்பதால் நிறம் வெளிறித் தோன்றும், காய்ந்ததும் ஒரு படி அழுத்தமாகும். ஆகவே ஓர் அட்டைத் துண்டில் தீட்டி, காயவிட்டுப் பார்த்த பின்னரே நிறத்தை நம்ப வேண்டும்.

நிறங்கள் அதிகம் வேண்டா. டைட்டானியம் வெள்ளை, எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரின் நீலம் ஆகிய ஐந்தைக் கொண்டு நம் தெரு நாய்கள், பசுக்கள், ஆடுகள், பூனைகள் அனைத்தையும் எழுதிவிடலாம். நாக்குக்கும் காதின் உட்புறத்துக்கும் சிறிது சிவப்பு. டியூபிலுள்ள கறுப்பை நாம் வாங்குவதில்லை. அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும் சேர்ந்தால் உயிருள்ள கறுப்பு பிறக்கும். நீலம் மிகுந்தால் குளிர்ந்த கறுப்பு, அம்பர் மிகுந்தால் வெதுவெதுப்பான கறுப்பு. கறுப்பு நாயை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். முதுகில் வானத்தின் நீலமும், வயிற்றோரத்தில் மண்ணின் செம்மையும் தெரியும். அவ்வாறே வெள்ளைப் பசுவின் நிழற்பகுதியில் வெள்ளையே இராது. சாம்பலும் நீலமுமாக இருக்கும். வெள்ளையை வெள்ளையால் எழுத முயன்றால் சுண்ணாம்புச் சுவர்தான் எழும்.

உயிருள்ள பிராணி நமக்காக அசையாது அமர்வதில்லை. நிழற்படத்தின் துணை வேண்டியிருக்கிறது. நின்றபடி மேலிருந்து எடுத்த படம் பயன்படாது. அருகில் நின்று கைப்பேசியில் எடுத்தால் மூக்கு பெருத்து, காது சிறுத்து, நல்ல நாயும் கரடிபோல் தோன்றும். தரையில் அமர்ந்து, அதன் கண்ணுக்கு நேரே கைப்பேசியைப் பிடித்து, சற்றுத் தள்ளியிருந்து எடுக்க வேண்டும். ஜன்னலோர வெளிச்சம் நன்று. ஃபிளாஷ் கூடாது, கண்ணின் உட்புறத் திரையில் பட்டு ஒளி பச்சையாகத் திரும்பும். இத்தனைக்குப் பிறகும் ஒரு படத்தை மட்டும் நம்பி எழுதுவது தகாது. அந்தப் பிராணியோடு அரைமணி நேரம் அமர்ந்திருப்பது, பத்துப் படங்களைப் பார்ப்பதைவிட மேல்.

உரோமத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். புதிதாக எழுதுவோர் மெல்லிய தூரிகையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மயிராகத் தீட்டத் தொடங்குவர். ஒரு வாரம் கழித்து அங்கே நாய் இராது, தென்னந்துடைப்பம் இருக்கும். முதலில் இருள் நிறத்தில் உடலின் பருமையைக் கட்ட வேண்டும். எங்கே எலும்பு, எங்கே தசை, எங்கே குழி என்பது அந்த நிலையிலேயே தெரிந்தாக வேண்டும். அதன் மேல் நடு நிறம். கடைசியில் ஒளி படும் இடங்களில் மட்டும் மயிர்க்கோடுகள். மயிர் வளரும் திசையைக் கவனிப்பது இன்றியமையாதது. நாயின் முகத்தில் அது மூக்கின் தண்டிலிருந்து புறப்பட்டு நெற்றியை நோக்கி மேலேறும். கன்னத்தில் பக்கவாட்டில் விரியும். மார்பில் சுழித்து இறங்கும். தேய்ந்து பிரிந்த பழைய தூரிகையை எறிந்துவிடாதீர்கள். பிடரி மயிர் எழுத அதைப்போல் வேறு இல்லை.

ஆயினும் உரோமம் எவ்வளவு நன்றாக வந்தாலும், கண் வராவிட்டால் படம் வரவில்லை. நாயின் பாவை வட்டமானது. பூனையின் பாவை பகலில் நெட்டுக்குத்தாக ஒடுங்கும். அந்தி நேரத்தில் விரியும். ஆட்டுக்கும் பசுவுக்கும் குதிரைக்கும் அது படுக்கைவாட்டில் இருக்கும். இதை அறியாது ஆட்டுக்கு வட்டப்பாவை வைத்து, “ஏனோ மனிதன் மாதிரி பார்க்கிறது” என்று வருந்தியவர்களை நாம் அறிவோம். நாயின் கண்ணில் வெள்ளை விழி பெரும்பாலும் தெரியாது. அதை அதிகம் காட்டினால் அஞ்சிய நாயாகிவிடும். ஒளிப்புள்ளி இரு கண்களிலும் ஒரே பக்கத்தில் விழ வேண்டும். அது தூய வெள்ளையாக இன்றி, ஜன்னலின் வடிவும் வானின் நிறமும் சிறிது ஏறியிருந்தால் கண் ஈரமாகும். இமையின் நிழல் விழியின் மேற்பாதியில் படர வேண்டும். அந்த ஒரு நிழல் இல்லையேல் கண்ணாடிக் கோலி.

மூக்கையும் அலட்சியம் செய்யலாகாது. பசுவின் மூக்குத் தோலில் உள்ள மேடு பள்ளங்களின் கோலம் மனிதரின் கைரேகைபோல் மாட்டுக்கு மாடு மாறுபடும். அதைப் பதிவெடுத்து மாட்டை அடையாளம் காணும் முறையும் உண்டு. பிராணிகள் யாவும் ஒன்றுபோல் இருக்கின்றன என்று சொல்வோருக்கு, இயற்கை ஒவ்வொன்றின் முகத்திலும் ஒப்பமிட்டிருக்கிறது என்பதே விடை. அந்த ஒப்பத்தை நன்கறிந்தவர்கள் வீட்டார்தாம். ஆகவே வண்ணம் தொடுமுன் கரிக்கோட்டுப் படத்தை வீட்டாரிடம் காட்டுவது நமது வழக்கம். அந்த வழக்கத்தின் அருமையைச் சென்ற ஆண்டு நன்கு உணர்ந்தோம்.

நம் குடியிருப்பில் கார்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தென்காசிப் பக்கத்துச் சொந்த ஊருக்குக் குடும்பத்தோடு புறப்பட்டார். அவருடைய தாயாருக்கு வயது எண்பதுக்கு மேல். பதின்மூன்று வயதான மணி என்ற நாய் அந்த அம்மையாரின் கட்டிலடியிலேயே வளர்ந்தது. வண்டியில் நாயைக் கொண்டுபோக வழி இல்லாமல் இல்லை. முதல் வகுப்பில் தனிக் கூபே கிடைத்தால் உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் கார்டு வண்டியிலுள்ள நாய்ப் பெட்டி. கூபே கிடைக்கவில்லை. ஆயுளெல்லாம் அந்தப் பெட்டியை அருகில் இருந்து பார்த்தவர், சென்னைக்கே 1,600 கிலோமீட்டருக்கு மேல், அதற்கப்பால் இன்னோர் இரவு, மூச்சு வாங்கும் கிழட்டு நாயை அதில் அடைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த வீட்டு வங்காளிக் குடும்பம் மணியை வைத்துக்கொள்ள முன்வந்தது. அந்த வீட்டுச் சிறுவன் பத்து நாட்களாகப் பாட்டியிடம் ‘வா’, ‘இரு’, ‘படு’, ‘சாப்புடு’ என்ற சொற்களைப் பாடம் கேட்டு, வங்காள எழுத்தில் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டான்.

ஞாயிறு அன்று நம்மிடம் படம் கேட்டார்கள்; வியாழன் பிற்பகல் வண்டி. எண்ணெய் வண்ணமாக இருந்தால் கைகூப்பி மறுத்திருப்போம். மகன் தந்த நிழற்படத்தைக் கொண்டு கரிக்கோட்டுப் படம் எழுதி அன்று மாலையே பாட்டியிடம் கொண்டு போனோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நாயி நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது எங்க மணி இல்ல.”

“ஏன் பாட்டி?”

“அவனுக்கு எடது காது நுனி மடிஞ்சுல்லா கெடக்கும். வாசல்ல யாரு வந்தாலும் மத்தக் காதுதான் நிமிரும். இது எந்திரிக்கவே செய்யாது. ரெண்டு காதும் இப்படிக் கொம்பு மாதிரி நின்னா அவன எனக்கு அடையாளம் தெரியாது.”

நிழற்படம் அது காற்றில் ஓடிவரும்போது எடுத்தது. இரு காதுகளும் தூக்கி நின்றன. காமிரா பொய் சொல்லவில்லை. அது கண்ட நொடி ஒன்று, பாட்டி கண்ட ஆண்டுகள் பதின்மூன்று. வலப் புருவத்தில் மஞ்சள் பொட்டு ஒன்று உண்டு, இடப் புருவத்தில் அது பாதிதான் என்பதையும் அவரே சொன்னார். மடித்த காதோடு மறுபடி எழுதிக் காட்டினோம். “இப்பச் சரி” என்றார்.

திங்கள் இரவு இருள் நிறங்கள். செவ்வாய் இரவு செம்மண் நிறமும் மார்பின் வெள்ளையும். புதன் மாலை மணியையே நம் அறைக்கு அழைத்து வந்து, ரொட்டித் துண்டுகளின் உதவியால் ஒரு மணி நேரம் எதிரில் இருத்திக் கண்களை எழுதினோம். முதுமையால் அதன் பாவையில் நீலம் பூத்த சாம்பல் திரை படர்ந்திருந்தது. அதை எழுதலாமா, இளமைக் கண்ணாகவே எழுதிவிடலாமா என்று தயங்கிப் பாட்டியைக் கேட்கச் சொல்லி அனுப்பினோம். “இப்ப எப்படி இருக்கானோ அப்படி” என்று விடை வந்தது. வெள்ளையும் அல்ட்ராமரினும் நீர்போல் கரைத்து, பாவையின் மேல் ஒரே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தோம். பத்து நிமிடத்தில் காய்ந்தது. மணி எழுந்து வந்து படத்தை முகர்ந்து பார்த்தது; ரொட்டி இல்லை என்று கண்டு அப்பால் சென்றது.

பாட்டி படத்தைப் புகழவில்லை. மடித்த காதின் மேல் விரலை வைக்கப் போனவர், “ஈரமா?” என்று கேட்டார், “இல்லை” என்றோம். காதைத் தடவிக்கொண்டு சிறிது நேரம் இருந்தார். இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே, நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டுகள் வைத்து, முகத்தில் எதுவும் படாதபடி கட்டிக் கொடுத்தோம். அதன் மேல் தம் பழைய சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டார். மற்றச் சாமான்கள் எல்லாம் இருக்கைக்கு அடியில் போயின. அந்தக் கட்டு மட்டும் ஊர் சேரும்வரை அவர் தலைமாட்டில் இருந்ததாக மகன் பிறகு தொலைபேசியில் சொன்னார். மணி இன்னும் இருக்கிறது. நாள்தோறும் மீன் கிடைப்பதால் சற்றுப் பருத்தும் இருக்கிறது. சிறுவன் “பொடு” என்றால் படுக்கிறது.

எழுதிய படத்தைக் காப்பது பற்றிச் சில குறிப்புகள் சொல்லி முடிப்போம். அக்ரிலிக் ஏடு காய்ந்தாலும் வெப்பத்தில் சற்று இளகும் இயல்புடையது. ஆகவே பிளாஸ்டிக் தாளை நேரே சுற்றி வைத்தால் கோடையில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு படங்களை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கினாலும் அதே கதிதான். தூசியும் எளிதில் பற்றும். உலர்ந்த மென்மையான தூரிகையால் தட்டிவிட வேண்டும், ஈரத் துணியால் தேய்க்கலாகாது. சமையலறைச் சுவர் வேண்டா. நன்கு காய்ந்த பின் மேலே வார்னிஷ் பூசினால் நலம். மழைக்காலத்தில் அவசரப்படாமல் சில வாரங்கள் பொறுத்துப் பூசலாம். அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம் தீட்டலாம். எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் தீட்டினால் நாளடைவில் உரிந்துவிடும். வீட்டிலுள்ள பழைய எண்ணெய்ப் படங்களைப் புதுப்பிக்க நினைக்கும் அன்பர்கள் இதை நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

கற்க விரும்பும் சிறுவர் சிறுமியர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சங்கக் கட்டடத்தின் மாடிக்கு வரலாம். ஐந்து சிறிய டியூபுகள், ஒரு தட்டைத் தூரிகை, ஒரு மெல்லிய தூரிகை, மூடியுள்ள டப்பா ஒன்று, அம்மாவிடம் கேட்டு வாங்கிய கிழிந்த துணி, இவை போதும். வளர்ப்புப் பிராணியின் படத்தைக் கண்மட்டத்திலிருந்து எடுத்து வரவேண்டும். அதோடு, அதை அதிகம் அறிந்த பாட்டியையோ தாத்தாவையோ உடன் அழைத்து வந்தால் மிகவும் நல்லது.